மேல் வீட்டுச் சத்தம்: வீட்டுக்குள் மனைவியை அடிப்பது பற்றி நீங்கள் நேரில் பார்த்தது

கீழ்த்தளம்:
மறுபடியும் அந்தச் சத்தம். பாத்திரம் விழுகிற சத்தம் எது, அது எது என்று கேட்டவர்களுக்குத் தெரியும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடியேறி பெல் அடித்தேன். "கொஞ்சம் உறைமோர் இருக்கா?" கதவைத் திறந்த அந்த மனுஷன் சிரித்த முகமாக "வாங்கம்மா" என்றான். அவன் பெண்டாட்டி கிண்ணத்தை இடது கையால் நீட்டினாள். விளக்கு வைத்த பிறகு உப்பு கூடக் கொடுக்காத பெண் அவள். வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. அப்புறம் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை.

நைட் டியூட்டி:
கேஷுவாலிட்டியில் நர்ஸ். கேள்வி காயத்தோடு வந்த பெண்ணிடம், பதில் சொல்வது அவள் புருஷன்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சிஸ்டர்." வழுக்கி விழுந்தால் கழுத்தில் விரல் பதியுமா? டாக்டர் அவனை எக்ஸ்ரே சீட்டு வாங்கி வர அனுப்பினார். திரையைத் தாண்டினானோ இல்லையோ, "அவரை எவ்வளவு நேரம் வெளிய நிறுத்தி வைக்க முடியும்?" என்று கேட்டாள். பெண்கள் உதவி எண் 181, அதை எழுதிக் கொடுக்கப் போனேன். "எழுதாதீங்க, பையைப் பார்ப்பாரு. மூணு நம்பர்தானே" என்றாள். அவன் வரும்வரை உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கொங்கு அண்ணன்:
கீழ்த்தளம் அக்கா, உறைமோரெல்லாம் சரி, ஒரு புகார் கொடுத்திருக்கலாமே? 2005-ம் வருட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுப்படி, இதற்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது. என் தங்கையை "இது என் மாமியார் பேர்ல இருக்கற வீடு, கிளம்பு" என்று மாப்பிள்ளையின் அண்ணி வெளியே நிறுத்தினாள். அதனால் சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு யார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் அங்கே இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. மாமனார் பேரில் இருந்தாலும் அப்படித்தான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட வேண்டும். பாதுகாப்பு, வீட்டில் இருக்க, செலவுக்குப் பணம், குழந்தை, நான்கையும் ஒரே மனுவில் கேட்கலாம். உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில். காயத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவர் போனுக்கு அனுப்புங்கள், தன் போனில் வைக்கக் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று, நகை ரசீது எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க மாஜிஸ்திரேட் முயல வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

ரெண்டு பிள்ளை அம்மா:
அண்ணா, 60 நாளா? எனக்கு வாய்தா மேல் வாய்தா. அக்காவைக் குறை சொல்லாதீர்கள். போலீஸ் வந்து பேசிவிட்டுப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கப் போவது யார்? 2008-ல் 'பெல் பஜாவோ' என்று டிவியில் விளம்பரம் வந்ததே, அதுவும் இதைத்தான் சொன்னது. எதையாவது சாக்கு சொல்லி பெல் அடி, அந்த நேரத்து அடி நிற்கும்.

நான் புகார் கொடுக்கப் போன ஸ்டேஷனில் என் வீட்டுக்காரருக்கு நாற்காலி போட்டார்கள். சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று அங்கிருந்த போலீஸ் அம்மா சொல்லும்போது அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ பஸ்ஸுக்கு நேரமானது போல.

இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதிர்த்தரப்பு வராமலே கொடுத்தார்களா? என் வக்கீல் அதெல்லாம் வேண்டாம் என்கிறார்.