மறு: ‘கீ ரொட்டேஷன்’ – ‘சாவிச் சுழற்சி’ சரிவருமா?

> ‘சாவிச் சுழற்சி’ என்றே இருக்கட்டும். எளிதாக இருக்கிறது.

எளிதுதான். செய்திகளைப் பூட்டும் (குறியாக்கும்) சாவியை அவ்வப்போது புதிதாக மாற்றுவதைத்தான் ‘கீ ரொட்டேஷன்’ என்கிறார்கள். ஆனால் பயிர்ச் சுழற்சி, பணிச் சுழற்சி எல்லாவற்றிலும் போனது திரும்பி வரும். இங்கே கழற்றிய சாவியால் மறுபடி எதையும் பூட்டுவதில்லை. ‘சாவி மாற்றம்’ போதுமே.

அதைவிடப் பெரிய சிக்கல், ஆங்கிலச் சொல் ஒன்றுக்குள் இரண்டு வேலைகள் இருப்பது. செய்திகளைப் பூட்டும் தரவுச் சாவியை ஒரு தலைமைச் சாவியால் பூட்டி வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். தலைமைச் சாவி மட்டும் மாறினால், பூட்டி வைத்த தரவுச் சாவியின் சில பைட்டுகளைத் திருத்தி எழுதினால் முடிந்தது. செய்திகளைத் தொட வேண்டாம். இதற்கு ‘உறைமாற்று’ என்கிறேன். தரவுச் சாவியே மாறி, பழைய செய்திகளையும் அதற்குக் கொண்டுவருவதென்றால் அத்தனையையும் திறந்து மறுபடி பூட்ட வேண்டும். அது ‘மறுகுறியாக்கம்’. தரவுத்தளத்தைப் பூட்டி வைக்கும் மென்பொருளான எஸ்க்யூஎல்சைஃபரின் ‘ரீகீ’ கட்டளை செய்வது இதைத்தான்.

தரவுச் சிதைவு பெரும்பாலும் இங்கேதான் வரும். (‘டேட்டா கரப்ஷன்’ என்பதை, மொழிபெயர்ப்புக் கருவிகளை நம்பித் ‘தரவு ஊழல்’ என்று எழுதிவிடாதீர்கள்.) செயலியே தரவுத்தளத்தை வரிசை வரிசையாக மாற்றிக்கொண்டு வரும்போது சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தால், பாதி பழைய சாவியில், மீதி புதியதில் நிற்கும். எது எதில் என்ற குறிப்பு இல்லாவிட்டால், மறுபடி தொடங்கும்போது ஏற்கெனவே மாற்றியதன் மேலேயே இன்னொரு பூட்டு விழலாம். வரிசைதோறும் ‘சாவி எண்’ எழுதி, அந்த எண்ணையும் செய்தியையும் ஒரே பரிவர்த்தனையில் (முழுதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) மாற்றினால் இந்தக் குழப்பம் வராது.

> பழைய கீயை ‘காலாவதியான சாவி’ எனலாமா?

கூடவே கூடாது. காலாவதி என்று பார்த்ததும் நிர்வாகி அழித்துவிடுவார். மேட்ரிக்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற நெறிமுறையில் குழு உரையாடலின் சாவி, இயல்பான அமைப்பில், 100 செய்திக்கு ஒருமுறை அல்லது வாரம் ஒருமுறை மாறும். பழையவற்றைத் தொலைத்தால் பழைய உரையாடல் திறக்காது. 2016இல் வெளியான டபுள் ராட்செட் (செய்திக்குச் செய்தி சாவியை மாற்றும் முறை) ஆவணமும், முன்பின்னாக வந்து சேரும் செய்திகளுக்காக அவற்றின் சாவிகளை ஒரு வரம்புக்குள் எடுத்து வைக்கச் சொல்கிறது.

என் பரிந்துரை ‘ஓய்வுச் சாவி’. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் மாதிரி: புது வேலை கொடுக்க மாட்டோம், பழைய கோப்பைக் கேட்டால் எடுத்துத் தருவார். அதன் எண்ணைத் தாங்கிய வரிசை ஒன்றுகூட இல்லை, காப்புப்படிகளிலும் இல்லை என்று உறுதியான பிறகுதான் ‘அழி’ பொத்தானே தெரிய வேண்டும்.

‘ராட்செட்’டுக்கு ‘ஒருவழிப் பற்சக்கரம்’ என்றால் திரையில் அடங்காது. குட்டையாக ஏதாவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.