சிலுவையின் உச்சியில் பிலாத்து எழுதியது இருக்கத்தான் வேண்டுமா?

கடலோரன்:
பாடுபட்ட சுரூபத்தின், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசு உருவத்தின், தலைமாட்டில் ஐ.என்.ஆர்.ஐ. என்று நான்கு எழுத்து இருக்கும். 'இயேசுஸ் நசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும்' என்ற லத்தீன் வாசகத்தின் முதலெழுத்துகள். நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன் என்று பொருள். அதை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. எழுதியவன் சீடன் அல்ல, சாவுத் தண்டனை கொடுத்த ஆளுநர் பிலாத்து. இன்ன குற்றத்துக்காக இவனைக் கொல்கிறோம் என்று ஊருக்குக் காட்டும் பலகை அது. ரோமையரிடம் இந்த வழக்கம் இருந்தது. கி.பி. 177-இல் லியோன் நகரில் அத்தாலுஸ் என்ற மறைசாட்சியை (விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவரை) அரங்கத்தைச் சுற்றி நடத்தியபோதும், 'இவன் கிறிஸ்தவனான அத்தாலுஸ்' என்று லத்தீனில் எழுதிய பலகையை அவருக்கு முன்னால் தூக்கிப் போனார்கள். கொன்றவன் எழுதிய குற்றச்சாட்டுக்கு முன் நாம் ஏன் முழந்தாளிட வேண்டும்? கிழக்கத்திய மரபைச் சேர்ந்த கீழைத் திருச்சபைகளின் சிலுவைகள் பலவற்றில் அந்த இடத்தில் 'மாட்சியின் அரசர்' என்று எழுதுகிறார்கள். விசுவாசம் பேசும் வாசகம் அதுதான்.

மரிக்கொழுந்து:
அண்ணா, யோவான் நற்செய்தி 19-ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசியுங்கள். தலைமைக் குருக்கள் பிலாத்துவிடம் போய், 'யூதரின் அரசன் என்று எழுத வேண்டாம், யூதரின் அரசன் நான் என்று அவனே சொன்னதாக எழுதும்' என்று கேட்கிறார்கள். அவன் சொன்ன பதில்: 'நான் எழுதியது எழுதியதே.' வாசகத்தை மாற்றச் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். அது அப்படியே நிற்கட்டும் என்று அழுத்திச் சொல்வது நற்செய்தி. தண்டித்தவனின் கையே அவரை அரசர் என்று எழுதிவிட்டது, அதுவும் எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழியில். யோவான் இவ்வளவு விவரம் தருவது குற்றச்சாட்டைப் பதிவு செய்வதற்காக இல்லை.

பழையஏடு:
இவ்வளவு விவாதம் எதற்கு? அந்தப் பலகையே ரோமில் திருச்சிலுவைப் பேராலயத்தில் இருக்கிறது, 1492-இல் கண்டெடுத்தது. நேரில் போய் வணங்குகிறார்கள்.

கடலோரன்:
ஐயா, 2002-இல் வெளியான கார்பன் ஆய்வு அந்த மரத்துக்குக் கொடுத்த காலம் கி.பி. 980 முதல் 1146 வரை. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

மரிக்கொழுந்து, நீங்கள் சொல்வது யோவானின் பார்வை. மாற்கு நற்செய்தியில் வெறும் 'யூதரின் அரசன்' மட்டும்தான் இருக்கிறது, 'குற்ற அறிக்கை' என்றே அவர் சொல்கிறார். பக்கத்திலேயே அந்தப் பெயரைச் சொல்லி ஏளனம் செய்கிறார்கள். ஏளனத்தை நாம் ஏன் அலங்காரமாக்க வேண்டும்?

தென்னங்கீற்று:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு தந்தச் செதுக்கல் இருக்கிறது, சுமார் 420–430. சிலுவைக் காட்சியைக் காட்டும் மிகப் பழைய படைப்புகளில் ஒன்று. இயேசு கண் திறந்து நிமிர்ந்து நிற்கிறார், தலைக்கு மேல் 'ரெக்ஸ் யூத்' என்று செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்து விசுவாசிகள் இந்த எழுத்தை அவமானமாக நினைத்திருந்தால் செதுக்கியிருப்பார்களா?

எனக்கு இன்னொரு காரணமும் பெரிதாகப் படுகிறது. 'யூதரின் அரசன்' என்பது ரோமைப் பேரரசர் சீசருக்கு எதிரான குற்றம். லூக்கா 23-இல் குற்றம்சாட்டுகிறவர்கள் வரி, அரசன் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தீர்ப்பு ரோமையுடையது, தண்டனை ரோமையுடையது. ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் ஐரோப்பாவில் பெரிய வெள்ளி வந்தாலே 'கிறிஸ்துவைக் கொன்றவர்கள்' என்று யூதர்கள் மேல் பழி போட்டார்கள், அடித்தும் இருக்கிறார்கள். அந்தப் பழியை எல்லா யூதர்மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல்தான் தெளிவாகச் சொன்னது. அத்தனை காலமும் சிலுவையின் உச்சியிலேயே யார் கொன்றது என்று லத்தீனில் எழுதியிருந்தது! அதை எடுத்தால் ரோமையின் கையெழுத்தும் சேர்ந்து போய்விடும்.

கடலோரன்:
இது வலுவான காரணம். ஆனால் உங்கள் வாதத்துக்கே நான்கு எழுத்து போதாதே. கோயிலுக்கு வருகிற எத்தனை பேருக்கு அது புரிகிறது? ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்குவேஸ் 1632 வாக்கில் வரைந்த சிலுவைப் படத்தில் முழு வாசகமும் மூன்று மொழியில் இருக்கிறது. பலரும் வாசித்தார்கள் என்றுதானே யோவானும் சொல்கிறார்.

மரிக்கொழுந்து:
சரி, லத்தீனோடு தமிழிலும் முழுதாக எழுதட்டும், அதற்கு நான் மறுப்பு சொல்லவில்லை. 'மாட்சியின் அரசர்' என்று மாற்றினால்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது உயிர்த்த பிறகு நாம் பாடுவது. வெள்ளிக்கிழமை மதியம் அந்த மலையில் அவர் தலைக்கு மேல் அது இல்லை.

கடலோரன்:
அன்று அங்கே இல்லாததுதான், தங்கச்சி. ஆனால் நாம் பீடத்தில் வைக்கும் சிலுவையை உயிர்த்தவரை அறிந்த பிறகுதானே வைக்கிறோம்? அதனால்தான் கீழைச் சபையார் பக்கமே நிற்கிறேன். தமிழில் முழு வாசகம் வேண்டும் என்பதில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன்.