ஐரோப்பாவில் கடல்பாசி உரத்துக்குத் தடையாம்! யார் சொன்னது?

கரைப்பாசி:
இரண்டு நாளாக எல்லா விவசாயக் குழுவிலும் ஒரே செய்தி சுற்றுகிறது. "காரம் (ஆல்கலி) போட்டுப் பிரித்த கடல்பாசிச் சாற்றை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்துவிட்டது, நம் விவசாயிதான் இன்னும் காசு கொடுத்து விஷம் வாங்குகிறான்." எழுதியவர் நம் வயல்வெளி ஐயா. பதினோரு வருடமாக நான் பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையில் இந்தச் சாறு காய்ச்சும் ஆலையில்தான் வேலை பார்க்கிறேன். தடை என்றால் முதலில் என் வேலை போயிருக்கும். 2019/1009 என்ற உரச் சட்டம் 2022 ஜூலை 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் கடல்பாசிக்குத் தடை என்று எந்த வரியும் இல்லை. பொய்யைப் பரப்பாதீர்கள்.

வயல்வெளி:
வெளிநாட்டில் உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? அந்தச் சட்டத்தில் மூலப்பொருள் வகை 2 என்று ஒன்று இருக்கிறது. செடிகள், செடிச் சாறுகள், பாசியும் அதில்தான் வரும். என்னென்ன முறையில் பதப்படுத்தலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள்: வெட்டுதல், அரைத்தல், சலித்தல், பிழிதல், உலர்த்துதல், உறைய வைத்தல், தண்ணீரில் பிரித்தல், கார்பன் டை ஆக்சைடால் பிரித்தல். காரம் எங்கே இருக்கிறது? காட்டுங்கள். இல்லை அல்லவா? பட்டியலில் இல்லை என்றால் தடைதான். நான் எழுதியது சரி.

கரைப்பாசி:
பட்டியலில் இல்லை என்றால் அந்த வகையில் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். பக்கத்திலேயே வகை 1 இருக்கிறது, அது வேதிப்பொருட்களுக்கும் கலவைகளுக்குமானது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுக் காய்ச்சிய சாறு அதன் வழியாக வரலாம். அதற்கு ரீச் என்ற ஐரோப்பிய வேதிப்பொருள் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும், பாதுகாப்பு அறிக்கை கொடுக்க வேண்டும், செலவு அதிகம். செலவு அதிகம் என்பதும் தடை என்பதும் ஒன்றா? அதுவும் வேண்டாம் என்றால் சிஇ முத்திரை (ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்ற அடையாளம்) இல்லாமலே அந்தந்த நாட்டுச் சட்டப்படி விற்கலாம். இந்த 2019/1009 பழைய 2003/2003 போலவே விருப்பச் சட்டம். முத்திரை வேண்டுபவர் மட்டும் உள்ளே போனால் போதும். ஒரு நாட்டில் முறையாக விற்பதை இன்னொரு நாட்டில் விற்க 2019/515 என்ற பரஸ்பர அங்கீகாரச் சட்டம் தனியாக இருக்கிறது.

வயல்வெளி:
இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? ஒரே கேள்வி. பட்டியலில் காரம் இருக்கிறதா, இல்லையா?

கரைப்பாசி:
வகை 2-இல் இல்லை. அதைத்தான் சொன்னேன்.

வயல்வெளி:
அப்படிச் சொல்லுங்கள். உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. எல்லோரும் இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதைத்துளி:
வணக்கம், நான் வேளாண் பட்ட மேற்படிப்பு மாணவி. நீங்கள் இருவரும் "உரம்" என்கிறீர்கள், ஆனால் அந்தச் சட்டப்படி கடல்பாசிச் சாறு பெரும்பாலும் உரம் இல்லை, உயிர் ஊக்கி. தன்னிடம் இருக்கும் சத்தைச் சாராமல் செடியின் ஊட்டச் செயல்பாட்டைத் தூண்டுவதுதான் ஊக்கி. வறட்சி, உப்பு, வெப்பம் தாங்கும் திறன், சத்துப் பயன்பாடு, விளைபொருளின் தரம், மண்ணில் கட்டுண்ட சத்தை எடுக்க உதவுவது, இவற்றில் எதைச் சொல்கிறீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டும். "நோய் தடுக்கும்" என்று எழுதினால் அது பயிர்ப் பாதுகாப்பு மருந்து, 1107/2009 சட்டத்துக்குப் போய்விடும். லாமினாரின் அப்படித்தான், பழுப்புப் பாசியிலிருந்து எடுத்தும் மருந்தாகத்தான் அனுமதி பெற்றது. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்தால் நல்லது.

வயல்வெளி:
பார்த்தீர்களா, மாணவியே சொல்லிவிட்டது. பாசியை மருந்து என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள். மருந்து என்றால் விஷம் என்று குழந்தைக்கும் தெரியும். விஷம் என்று நான் எழுதியதில் என்ன தப்பு?

விதைத்துளி:
நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. தயவுசெய்து திரும்பப் படியுங்கள்.

கடல்வணிகன்:
தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். சட்டம் புத்தகத்தில் எப்படி இருக்கிறது என்று கரைப்பாசி பேசுகிறார், துறைமுகத்தில் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேளுங்கள். மூன்று வருடம் முன்பு கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியின் சாறு ஒரு கண்டெய்னர் அனுப்பினேன். ஐரோப்பாவில் வாங்குபவர் ஒப்பந்தம் போட்டவர்தான். சரக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பிரித்த முறை காரம், ரீச் பதிவு எண் எங்கே என்று கேட்டுக் கையை விரித்துவிட்டார். முன்னாடி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாடகை ஏறியது, கடைசியில் பாதி விலைக்கு வேறு நாட்டுக்குத் திருப்பிவிட்டேன். தடை இல்லை என்று இங்கே எழுதுவது சுலபம்.

கரைப்பாசி:
உங்களுக்கு நேர்ந்தது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது பதிவு இல்லாத சரக்கு, தடை செய்த சரக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அனுப்பும் முன்பே கேட்டிருப்பீர்கள். பாதரசம் கிலோவுக்கு 1 மில்லிகிராம், காட்மியம் 1.5, ஈயம் 120, கனிம ஆர்செனிக் 40, எல்லாம் உலர் எடைக்கு. இது ஊக்கிகளுக்கான வரம்பு. கட்டக்கோரைக்கு கனிம ஆர்செனிக் தனியாகப் பரிசோதித்தீர்களா?

கடல்வணிகன்:
எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். உங்கள் வயதுக்கு மேல் கடலோடு பழகியவன் நான். மொத்த ஆர்செனிக் பார்த்தோம், போதும் என்றார்கள்.

கரைப்பாசி:
பழுப்புப் பாசியில் மொத்த ஆர்செனிக் பொதுவாக அதிகமாகத்தான் காட்டும், பல இனங்களில் அதில் பெரும்பகுதி கரிம வடிவம். சட்டம் கேட்பது கனிம வடிவத்தை. மொத்தத்தைப் பார்த்துப் போதும் என்று சொன்னவர் யாரோ, அவரிடம் கேளுங்கள்.

நல்லமண்:
எல்லோரும் ஐரோப்பாவையே பிடித்துத் தொங்குகிறீர்களே. குஜராத் பவநகர் உப்பு ஆய்வு நிறுவனத்துக்கு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நிலையம் இருக்கிறது. கப்பாபைகஸ் பாசியைப் பச்சையாக நசுக்கிப் பிழிந்து சாறு எடுக்கும் முறையை அந்த நிறுவனம்தான் கொண்டுவந்தது. காரமும் இல்லை, கொதிக்க வைப்பதும் இல்லை. சக்கை, உணவைக் கெட்டியாக்கும் கராஜீனன் எடுக்கப் போகும். பிழிதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று வயல்வெளியே மேலே எழுதியிருக்கிறார். அப்புறம் எதற்குச் சண்டை?

வயல்வெளி:
நான் பேசுவது காரத்தைப் பற்றி. பிழிவதைப் பற்றி யார் கேட்டது?

யாழ்நிலா:
நான் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறேன். காரம், பட்டியல் என்று அடித்துக்கொள்கிறீர்கள், பாசி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே அஸ்கோபில்லம் என்ற பழுப்புப் பாசியைக் கையால் அறுக்கும் உரிமை தலைமுறையாகக் கரைக் குடும்பங்களுக்கு இருக்கிறது. கான்னமாராவில் அதை வாங்கிய அரசு சார்ந்த நிறுவனத்தை 2014-இல் கனடாக் கம்பெனிக்கு விற்றார்கள். அன்றிலிருந்து ஊரில் பேச்சு ஓயவில்லை. உங்கள் சாறு எந்த முறையில் வந்தால் என்ன, பாறையில் பாசி மிச்சம் இருக்க வேண்டாமா?

கரைப்பாசி:
நல்ல கேள்விதான், ஆனால் அதற்கும் இந்தப் பொய்க்கும் சம்பந்தம் இல்லை. திரும்ப விஷயத்துக்கு வருகிறேன். இப்போது சொல்வதை வயல்வெளி ஐயா கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் இயற்கை விவசாயி. ஐரோப்பாவின் இயற்கை வேளாண் சட்டம் 2018/848, அதன் கீழ் 2021/1165. அதன் இரண்டாம் இணைப்பில் பாசிப் பொருட்களுக்கு அனுமதி இருக்கிறது. உலர்த்துதல், உறைய வைத்தல், அரைத்தல் சரி. தண்ணீரிலோ, அமிலக் கரைசலிலோ, காரக் கரைசலிலோ பிரித்தல் சரி. நொதித்தலும் சரி. இயற்கை முறையில் வளர்த்ததாகவோ, வளம் குன்றாமல் சேகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை. காரம் என்ற சொல் அப்படியே எழுதியிருக்கிறது. எதை விஷம் என்று எழுதினீர்களோ, அதை ஐரோப்பிய இயற்கை விவசாயி சட்டப்படி தெளிக்கலாம். இதற்கு என்ன பதில்?

வயல்வெளி:
அது வேறு சட்டம். நான் சொன்னது 2019/1009. அதில் வகை 2. அந்தப் பட்டியலில் காரம் இல்லை.

கரைப்பாசி:
வேறு சட்டமா! நீங்கள் எழுதியது "ஐரோப்பா தடை செய்துவிட்டது" என்று. 2019/1009-இன் வகை 2 என்று எங்கே எழுதினீர்கள்? ஐரோப்பா என்று எழுதிவிட்டு இப்போது பின்வாங்கி ஒரு மூலைக்குள் ஒளிகிறீர்கள்.

வயல்வெளி:
நான் எங்கும் ஒளியவில்லை. முப்பத்திரண்டு வருடமாக ஒரே மண்ணில் நின்று விவசாயம் பார்க்கிறேன். போன வருடம் இதே இடத்தில் என் பஞ்சகவ்யத்தைச் "சாணித் தண்ணீர்" என்று எழுதியவர் நீங்கள். மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுக் கம்பெனி டப்பாவில் வந்தால் அறிவியல், என் மாடு போட்டால் சாணித் தண்ணீர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கரைப்பாசி:
ஆய்வகப் பரிசோதனை இல்லாமல் நோய் தீர்க்கும் என்று எழுதியதைத்தான் கேட்டேன். இன்றும் கேட்பேன்.

நல்லமண்:
"சாணித் தண்ணீர்" என்று நீங்கள் எழுதியது உண்மை. நானும் படித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

கரைப்பாசி:
மன்னிப்பா? கடல்பாசிச் சாற்றை விஷம் என்று ஆயிரம் பேருக்கு அனுப்பியவர் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம். இதை நம்பி வாங்கிய டப்பாவைக் கீழே கொட்டிவிட்டேன் என்று ராமநாதபுரத்து மிளகாய் விவசாயி ஒருவர் நேற்று எனக்குச் செய்தி போட்டார். அந்தக் காசு யார் கொடுப்பது?

விதைத்துளி:
நம் நாட்டிலும் 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் ஊக்கிகளைச் சேர்த்துவிட்டார்கள். அதில் கடல்பாசிச் சாறும் ஒரு வகை. இந்திய விதிப்படி எது செல்லும் என்று பேசினால் அந்த மிளகாய் விவசாயிக்காவது பயன்படும்.

கடல்வணிகன்:
அம்மா, இந்திய விதியைப் பற்றிப் பேச வந்தால் என் கதை இன்னும் நீளம். முதலில் கரைப்பாசி சொல்லட்டும், மொத்த ஆர்செனிக் போதும் என்று என்னை ஏமாற்றியவர் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கரைப்பாசி:
எனக்குத் தெரியும் என்று நான் எங்கே சொன்னேன்? "யாரோ" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

கடல்வணிகன்:
எழுதிய தொனி அப்படித்தான் இருந்தது.

யாழ்நிலா:
வளம் குன்றாமல் சேகரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை "மட்டும்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்களே கரைப்பாசி. உங்கள் ஆலைக்கு வரும் பாசியை அறுத்த பிறகு அந்தப் பாறையைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்.

கரைப்பாசி:
பார்த்திருக்கிறேன். வேர்ப்பிடியோடு பிடுங்காமல் அடித்தண்டு விட்டு அறுத்தால் திரும்ப வளரும். எங்களுக்கு வருவது அப்படி அறுத்ததுதான். தடை என்ற பொய்க்கு வருவோம்.

வயல்வெளி:
பொய் என்று நீங்கள் நாற்பது முறை எழுதினாலும் அந்தப் பட்டியல் மாறாது. வெட்டுதல், அரைத்தல், சலித்தல், பிழிதல், உலர்த்துதல், தண்ணீர். காரம் எங்கே?

கரைப்பாசி:
வகை 1-ஐ ஒரு முறையாவது திறந்து பார்த்தீர்களா?

வயல்வெளி:
நான் கேட்டது வகை 2.