"மெட்ரிகுலேட்" என்றால் பத்தாவது முடிப்பதா, பல்கலைக்கழகத்தில் சேர்வதா?

கேள்வி (வாசகன்27): வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் படிவம் ஒன்றில் "மெட்ரிகுலேஷன் தேதி" என்று ஒரு கட்டம் இருக்கிறது. பத்தாவது தேர்ச்சி பெற்ற தேதியைப் போடுவதா? கூடவே வந்த கடிதமோ "அக்டோபரில் மெட்ரிகுலேட் ஆவீர்கள்" என்கிறது. குழப்பமாக இருக்கிறது.

ஏடு: பத்தாவது தேறிய தேதி வேண்டாம். அங்கே மெட்ரிகுலேஷன் தேதி என்பது பல்கலைக்கழகப் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறும் நாள். அட்மிஷன் என்பது இடம் கொடுப்பது. என்ரோல்மென்ட்டை, அதாவது படிப்புக்கான பதிவை, பல இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மெட்ரிகுலேஷன் பொதுவாக ஒரே முறைதான். ஆக்ஸ்போர்டில் அதற்கென்றே விழா உண்டு, அதன் பிறகுதான் பல்கலைக்கழக உறுப்பினர். ஜெர்மன் படிவத்தில் "மாட்ரிகெல்நும்மர்" கேட்டால் அது அந்தப் பல்கலைக்கழகம் தரும் மாணவர் எண். பத்தாவது பதிவெண்ணை அங்கே எழுதிவிடாதீர்கள்.

வேர்ச்சொல்: மூலம் லத்தீன் "மாட்ரிகுலா", அதாவது பெயர்ப் பட்டியல். "மாட்ரிக்ஸ்" என்பதன் குறுமை வடிவம் அது. அதற்கும் அடியில் இருப்பது "மாத்தெர்", தாய். பழைய தேவாலயங்களில் உதவி பெறும் ஏழைகளின் பட்டியலுக்கும் மாட்ரிகுலா என்றே பெயர். மாணவர் பட்டியலுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக நுழைந்தது 16ஆம் நூற்றாண்டில். ஸ்பானிய மொழியில் "மட்ரிகுலா" வண்டி நம்பர் பிளேட்டையும் குறிக்கும், அதுவும் பதிவுதானே! (கணக்கில் வரும் மேட்ரிக்ஸும் அதே குடும்பம். கணிதவியலாளர் சில்வெஸ்டர் 1850இல் வைத்த பெயர்.)

நம் ஊரில் பொருள் இடம் மாறியதற்குக் காரணம் தேர்வு. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாதிரியில் அமைந்தன. உள்ளே நுழைய ஒரு தேர்வு. அதில் தேறியும் கல்லூரிக்குப் போகாதவர்கள் ஏராளம். அவர்களுக்கு அதுவே கடைசித் தகுதி, வேலைக்கும் அதைத்தான் கேட்டார்கள். வாசலுக்கு வைத்த பெயர் பள்ளிப் படிப்பின் முடிவுக்கு ஒட்டிக்கொண்டது. "போஸ்ட் மெட்ரிக்" உதவித்தொகை 11ஆம் வகுப்பிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

கிள்ளான்_வாசி: மலேசியாவில் "மெட்ரிகுலாசி" பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு. தென்னாப்பிரிக்காவில் "மெட்ரிக்" 12ஆம் வகுப்பு. சிங்கப்பூரில் "மெட்ரிக் கார்டு" என்றால் பல்கலைக்கழக மாணவர் அட்டை. படிவம் எந்த நாட்டுடையது என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

வாசகன்27: நன்றி. சுயவிவரத்தில் "2016இல் மெட்ரிகுலேட் ஆனேன்" என்று எழுதலாமா? பத்தாவதைத்தான் சொல்கிறேன்.

ஏடு: வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் வேண்டாம். 2016இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததாக எடுத்துக்கொண்டு, பட்டம் எங்கே என்று கேட்பார்கள். "பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2016" என்று வாரியத்தின் பெயரோடு எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலிலேயே "மெட்ரிகுலேஷன்" என்று அச்சாகியிருந்தால் அதை மாற்றாமல், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பத்தாம் வகுப்பு என்று சேர்த்தால் போதும்.