அவசர உதவி (போலந்து): பதிவேட்டில் ஒரு வட்டாரம், வரைபடத்தில் வேறு வட்டாரம்

தென்றல்87: நாளைக் காலை நோட்டரியிடம் போகிறேன். வாங்கப் போகிற வீட்டின் பதிவேட்டில் ‘போட்குஜே’ என்று இருக்கிறது, வரைபடத்தில் அதே கட்டடம் ‘டெம்ப்னிகி’ வட்டாரத்துக்குள் வருகிறது. முன்பணம் கட்டலாமா? யாராவது உடனே சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி: எந்த ஊர் என்றே சொல்லவில்லையே. எந்தப் பதிவேடு, அதில் எந்த இடத்தில் அப்படி இருக்கிறது?

வார்சாவாசி: வார்சாவில் 18 வட்டாரம், ஒவ்வொன்றுக்கும் தனி மேயர். போட்குஜே அதில் கிடையாது. விற்பவர் வேறு வீட்டுக் காகிதத்தைக் காட்டுகிறார் என்றுதான் தோன்றுகிறது, கட்டாதீர்கள்.

தென்றல்87: மன்னிக்கவும், கிராகோவ். ருச்சாய் பக்கம். நிலப் பதிவேடு.

கரிசல்: அப்படியென்றால் அது நீதிமன்றத்தின் பெயர். கிராகோவ் நிலப் பதிவேடுகளை வைத்திருப்பது போட்குஜே வட்டார நீதிமன்றம்தான், எண் கேஆர்1பி என்று தொடங்கும் பாருங்கள்.

தென்றல்87: எண் அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் நான் சொல்வது மனை விவரம் உள்ள பகுதியில்.

பழஞ்சுவடி: பதிவேடு படிக்கத் தெரியாமல் வீடு வாங்கக் கிளம்பிவிடுகிறீர்கள். இதை இங்கே எத்தனை முறை எழுதுவது? 1991 வரை கிராகோவில் நான்கே வட்டாரங்கள்: ஷ்ருத்மியெஷ்சே, க்ரொவோட்ஜா, போட்குஜே, நோவா ஹூத்தா. அந்த ஆண்டு நகரத்தை 18 ஆகப் பிரித்தார்கள், டெம்ப்னிகி அதில் எட்டாவது. நில அளவைக் கணக்கு மட்டும் பழைய நான்கிலேயே நிற்கிறது. உங்கள் மனை அளவைக் கணக்கில் போட்குஜே, நிர்வாகத்துக்கு, அதாவது வட்டார மன்றத்துக்கு, டெம்ப்னிகி. இரண்டும் சரி. அளவைப் பிரிவு எண்ணும் மனை எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள், வட்டாரப் பெயரை விடுங்கள்.

மூன்றாம்மாடி: தகவலுக்கு நன்றி அண்ணா, ஆனால் புதிதாகக் கேட்பவரிடம் இப்படிப் பேச வேண்டியதில்லை.

வார்சாவாசி: சரி, அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். வார்சாவில் வட்டாரம் சட்டப்படி கட்டாயம், அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

ஆலைத்தெரு: நோவா ஹூத்தாவிலும் இதே குழப்பம்தான். பதினெட்டாம் வட்டாரம் மட்டும்தான் நோவா ஹூத்தா, பதினைந்தாம் வட்டாரமான மிஸ்த்ஷெயோவித்ஸேக்காரர்கள் ஏன் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று புரியவில்லை.

கரிசல்: ஏன் சொல்லக்கூடாது? 14 முதல் 18 வரை ஐந்தும் பழைய நோவா ஹூத்தாவை உடைத்து வந்தவை. அதில் ஒன்றான பியென்ச்சித்ஸேயில் நான் ஆறு வருடம் இருந்தேன், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு நாளும் வட்டார எண் சொன்னதில்லை, ‘ஹூத்தா’தான்.

ஆலைத்தெரு: பாட்டி சொல்வது வேறு, வட்டார மன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போடும்போது பெயர் வேறு. 1949இல் எஃகு ஆலைக்காகக் கட்டத் தொடங்கிய ஊர், 1951இல் கிராகோவோடு சேர்ந்தது, அந்த மையப் பகுதிக்கு என்று ஒரு பெயர் வேண்டாமா?

கரிசல்: மையமும் வேண்டும், மற்ற நான்கும் வேண்டும். எண்ணை வைத்து ஊரைப் பிரிக்காதீர்கள்.

மூன்றாம்மாடி: தென்றல், மனை எண் பொருந்தியதா?

தென்றல்87: பொருந்தியது. நோட்டரியும் அதையே சொன்னார். முன்பணம் கட்டிவிட்டேன், நன்றி.