முதல் கேமரா ட்ரோன் வாங்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வேலூரை அடுத்த கணியம்பாடியில் வசிக்கிறேன். பாலாற்றுப் படுகையையும் சுற்றுவட்டார ஏரிகளையும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே உயரத்திலிருந்து படமெடுத்து ஆவணப்படுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். அதற்காக 40,000 ரூபாய்க்குள் ஒரு கேமரா ட்ரோன் தேடுகிறேன். இதற்கு முன் ஓட்டிப் பழக்கமில்லை.

250 கிராமுக்கு மிகாத நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை என 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் கூறுவதால், அந்த எடையைத் தாண்டும் எண்ணம் இல்லை. அப்துல்லாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் ட்ரோன் பறக்கத் தடையுள்ள பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்த பிறகே பறக்கவிடுவேன். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; அந்தப் பக்கமே போகப்போவதில்லை.

என் குழப்பமெல்லாம் படத்தின் தரத்தைப் பற்றியதுதான். நண்பர் ஒருவரின் விலை குறைந்த ட்ரோனை ஏரிக்கரையில் பறக்கவிட்டபோது, லேசான காற்றுக்கே அது பக்கவாட்டில் நழுவியது. காணொளியிலோ கரையோரப் பனைமரங்கள் ரப்பரைப் போல் நெளிந்தன. பெட்டியில் ‘4கே’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தும், அதில் ட்ரோனை ஓரிடத்தில் நிலைநிறுத்த உதவும் ஜிபிஎஸ்ஸும் இல்லை, கேமராவை நடுக்கமின்றித் தாங்கும் மூன்று அச்சு கிம்பலும் இல்லை. இவ்விரண்டும் இல்லாத ட்ரோன் என் தேவைக்கு உதவாது என்றே கருதுகிறேன்.

இந்தத் தொகைக்குள் இரண்டும் கொண்ட மாடல் எது? 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்ட நிலையில், பேட்டரியும் இறக்கைகளும் பில்லுடன் எங்கே கிடைக்கும்? வேலூர், இராணிப்பேட்டைப் பகுதியில் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்களா? சொந்தமாகப் பயன்படுத்தியவர்கள் மாடலின் பெயரோடு தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.