பால் ஒத்துக்கொள்ளாத அம்மா மோர் குடிக்கலாமா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
அம்மாவுக்கு வயது 61. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாகிறது. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் சேரவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலைக் காபியை நிறுத்திவிட்டார். மோரையும் நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெய், ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றிலும் லாக்டோஸ் உண்டா?

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
தம்பி, எனக்கும் இதே தொல்லைதான். அம்மாவிடமிருந்து மோரைப் பறித்துவிடாதீர்கள். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. எருமைப்பால், ஆட்டுப்பாலிலும் உண்டு. எவ்வளவு சுண்டக் காய்ச்சினாலும் போகாது. ஆனால் உறை ஊற்றிய பால் தயிராகும்போது நுண்ணுயிரிகள் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மிச்சத்தைக் குடலில் செரிக்கவும் அவையே துணை நிற்கும். நான் இரவே உறை ஊற்றி, நன்றாகப் புளித்த பிறகு, ஒரு கரண்டித் தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைகிறேன். சோற்றோடு சேர்த்துக் கொஞ்சமாகத் தொடங்கிப் பாருங்கள்.

நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். பால்கோவா, திரட்டுப்பால் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் பாதி எடை லாக்டோஸ்தான். மால்ட் பானப் பொடி, பிஸ்கட், சாக்லேட் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறம் 'மில்க் சாலிட்ஸ்' (பாலின் திடப்பொருள்), 'வே பவுடர்' (பால் திரிந்து பிரியும் நீரின் பொடி) என்று இருக்கிறதா பாருங்கள். சில மாத்திரைகளிலும் லாக்டோஸ் சேர்க்கிறார்கள். அளவு சொற்பம் என்பதால் பலருக்கு ஒன்றும் செய்யாது. தானாக மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

பதில் (பேக்கரி ஊழியர், புதுச்சேரி):
எங்கள் ஊர் நீள ரொட்டிக்கு மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு போதும். மெத்தென்ற பன்னுக்கும் பால் ரொட்டிக்கும் மாவு பிசையும்போதே பால் பவுடர் கொட்டுவார்கள். வாங்குமுன் கேட்டுவிடுங்கள், சொல்லிவிடுவோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அம்மா. பால் இல்லாவிட்டால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து?

பதில் (முத்தியால்பேட்டை):
கேழ்வரகுக் கூழ் கொடுங்கள், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. கடலூரில் இருந்துகொண்டு கவலைப்படலாமா? துறைமுகத்தில் நெத்திலி வாங்கி, முள்ளோடு மென்று தின்னும்படி மொறுமொறுவென்று வறுத்துக் கொடுங்கள். காபி இல்லாமல் முடியாது என்றால், லாக்டோஸ் நீக்கிய பாலும் கடைகளில் வந்துவிட்டது. அதில் கால்சியம் குறையாது, லேசாக இனிக்கும். சர்க்கரையைக் குறைத்துப் போடுங்கள்.